புங்கமரத்தடியில் ஆயிரம் சூரியன்

கோரைக்குளத்தின் கரையில் ஒரு பெரிய புங்கமரம் நின்றது. அதன் வேர்ப் பொந்தில் ஒரு உடும்பு குடியிருந்தது. காலையில் பாறைமேல் ஏறி வெயில் காயும். உடம்பு சூடேறியதும் மர நிழலுக்கு வந்து படுத்துக்கொள்ளும்.

எங்கே வசித்தாலும் இப்படி மர நிழலில் படுத்துக் கிடந்தே அது ஒரு சங்கதியைக் கண்டுபிடித்திருந்தது. இலை இடுக்குகள் கோணல்மாணலாக இருந்தாலும், அவற்றின் வழியே தரையில் விழும் வெளிச்சப் பொட்டுகள் மட்டும் வட்டமாகவே இருந்தன. ஏன் அப்படி என்று உடும்புக்கு வெகுகாலம் புரியவில்லை. முன்பு மலைக்கு அப்பால் வசித்தபோது ஒருநாள் பட்டப்பகலில் சூரியன் மங்கியது. அப்போது தரையில் இருந்த பொட்டுகள் எல்லாம் பிறைகளாயின. கொஞ்ச நேரத்தில் பழையபடி வட்டங்களாயின. அன்றுதான் உடும்புக்கு விளங்கியது. அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் சூரியனின் உருவம்!

இந்தக் காட்டுக்கு வந்ததும் அதை ஆசையோடு மயிலிடம் சொன்னது.

மயில் விழுந்து விழுந்து சிரித்தது. "சூரியனைப் பார்க்கத் தரையைப் பார்க்க வேண்டுமா? நல்ல ஆள் அக்கா நீங்கள்."

உடும்புக்கு முகம் சுண்டிவிட்டது. இனி யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தது. தான் பார்த்ததைத் தானே ரசித்துக்கொண்டு, பேசாமல் இருந்துவிட்டது.

அந்த வருஷம் ஆற்றுக்கு அக்கரையில் காட்டுத்தீ பரவி, புல் எல்லாம் கருகிப்போனது. ஒரு மான் கூட்டம் ஆற்றைக் கடந்து குளத்தங்கரைக்கு வந்து சேர்ந்தது. மற்ற விலங்குகள் இடம் கொடுத்தன. நரிக்கு மட்டும் பிடிக்கவில்லை. அது முயல் வேட்டைக்குப் பதுங்கிக் கிளம்பும்போதெல்லாம் மான்கள் குரல் கொடுத்தன. முயல்கள் வளைக்குள் ஓடி ஒளிந்தன. நரி பத்து நாளாகப் பட்டினி.

ஒருநாள் முற்பகலில் வெயில் மங்கத் தொடங்கியது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. காற்று குளிர்ந்தது. கொக்குகள் கூட்டுக்குத் திரும்பின. விலங்குகள் நடுங்கிப்போய்க் குளத்தங்கரையில் கூடின.

நரி கரைமேட்டில் ஏறி நின்றது.

"இந்த மான்கள் வந்ததிலிருந்தே நமக்குக் கெட்ட காலம்தான். புல் குறைந்தது. இப்போது சூரியனே செத்துக்கொண்டிருக்கிறது. இவர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டினால்தான் அது பிழைக்கும்."

விலங்குகளுக்குத் தலைமை எருமை. அதற்கு மூன்று கன்றுகள். அது கன்றுகளைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது, பிறகு கொம்பைத் தாழ்த்திக்கொண்டு மான்களிடம் போனது.

"எங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் அம்மா. கிளம்புங்கள்."

"அண்ணா, நாங்கள் வந்தபோது முழங்கால் ஆழம்தான் இருந்தது. இப்போது ஆறு கரைபுரண்டு ஓடுகிறது," என்றது பெண்மான். "இவன் பிறந்து நாலு நாள்தான் ஆகிறது. எப்படி நீந்துவான்?"

எருமை கொம்பால் ஆற்றைக் காட்டியது.

பொந்துக்குள் இருந்த உடும்பு எல்லாவற்றையும் கேட்டது. வாசலில் தரையைப் பார்த்தது. பொட்டுகள் எல்லாம் பிறைகளாகியிருந்தன. அதற்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் வெளியே போகக் கால் வரவில்லை. மறுபடி சிரிப்பார்களே! சொன்னது நடக்காவிட்டால் தன்னையும் அல்லவா விரட்டுவார்கள்? அப்போது மான்குட்டி தாயின் காலுக்கிடையில் ஒண்டுவது அதன் கண்ணில் பட்டது. உடும்பு விறுவிறுவென்று வெளியே வந்தது.

"எருமை அண்ணா, நில்லுங்கள். சூரியன் சாகவில்லை. நிலா அதை மறைக்கிறது."

"நிலாவா? எங்கே, காட்டு பார்ப்போம்," என்றது நரி.

மயில் சட்டென்று தலையைத் தூக்கியது.

"மேலே பார்க்காதே, கண் போய்விடும்," என்று உடும்பு தடுத்தது. "எல்லோரும் மரத்தடிக்கு வாருங்கள். கீழே பாருங்கள்."

வந்தார்கள். பார்த்தார்கள். தரையெங்கும் ஆயிரம் பிறைகள் கிடந்தன. எருமையின் கறுத்த முதுகில் பிறைகள். மான்குட்டியின் புள்ளிகளுக்கு நடுவிலும் பிறைகள்.

"ஒவ்வொன்றும் சூரியன்தான்," என்றது உடும்பு. "கடித்தமாதிரி இருக்கிற இடம் நிலா மறைத்த இடம். நாலைந்து நாளாக விடியலில் நிலா மெலிந்து மெலிந்து சூரியன் பக்கமாகப் போனது. இன்று அமாவாசை. குறுக்கே நடந்து போகிறது. போய்விடும். மலைக்கு அப்பால் முன்பு ஒருமுறை இப்படித்தான் ஆயிற்று. இந்தப் பாறையின் நிழல் அதோ அந்தக் கோரைப்புல்லைத் தொடுவதற்குள் பிறைகள் பருக்க ஆரம்பிக்கும். மான்கள் எங்கும் போக வேண்டாம்."

"பருக்காவிட்டால்?" என்றது நரி.

"என்னையும் அவர்களோடு ஆற்றில் இறக்குங்கள்."

காத்திருந்தார்கள். பிறைகள் பருக்கவில்லை. இன்னும் மெலிந்து, நகக்கீறல் போல ஆயின. கன்றுகள் அழுதன. அன்று பார்த்ததும் இன்று நடப்பதும் ஒன்றுதானா என்று உடும்புக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"போதும். விரட்டுங்கள்," என்றது நரி.

எருமை நிழலைப் பார்த்தது. "இன்னும் கோரையைத் தொடவில்லை. பொறு."

மயில் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று, "அக்கா, இந்தப் பிறை மறுபக்கம் திரும்பிவிட்டது. பருக்கிறது பாருங்கள்," என்றது.

ஆமாம், பருத்தது. எல்லாப் பிறைகளும் பருத்தன. குளத்துத் தண்ணீர் மெல்லப் பளிச்சிட்டது. வெயில் முதுகில் சுட்டது. எருமை நீளமாக மூச்சு விட்டது. பெண்மான் அப்படியே கால் மடித்து உட்கார்ந்து குட்டியை நக்கிக்கொடுத்தது. உடும்பு வயிறு மண்ணில் படப் படுத்துக்கொண்டது. எத்தனை சுகமாக இருந்தது அந்த மண்!

நரியைத் தேடினார்கள். பிறைகள் பருக்கத் தொடங்கியதுமே அது புதருக்குள் நழுவிவிட்டிருந்தது.

எருமை பெண்மானிடம் போய்த் தலை குனிந்தது. "பயத்தில் புத்தி மழுங்கிவிட்டது அம்மா. மன்னித்துவிடு. இது உங்கள் குளமும்தான்."

"அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது அக்கா," என்றது மயில்.

"நீ சிரித்ததற்காக நானும் வாயை மூடியிருக்கக் கூடாது," என்றது உடும்பு. "இன்னும் நாலு பேரிடம் சொல்லியிருந்தால், நரி பேச்சை இன்று யார் கேட்டிருப்பார்கள்?"

பிறைகள் முழு வட்டங்களாகும் வரை ஒருவரும் மரத்தடியை விட்டு நகரவில்லை. எருமைக் கன்றுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டன. உடும்பு சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

வானத்தின் அதிசயத்தை அறிந்தவர் அதை எல்லோருக்கும் காட்டிவிட்டால், அச்சத்தை விதைத்துப் பிழைப்பவரின் சூழ்ச்சி அங்கே பலிக்காது.