முடிக்கிற கும்பிடு

“அக்கா, இந்தக் குழந்தையை நீங்க வச்சுக்குங்க.”

ஜெனிட்டா வாசலில் நின்றபடியே சொன்னாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கூடத்தில் சாயங்கால வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆசிரியை குமுதவல்லி தரையில் உட்கார்ந்து, முன்னால் கிடந்த மரக்கட்டையில் கழியால் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை அவள் நிறுத்தவில்லை. அதனால் ஆடுகிறவர்களும் நிறுத்தவில்லை.

“செருப்பைக் கழட்டிட்டு வா.”

“உள்ளே வரலைக்கா. கொடுத்துட்டுப் போயிடறேன்.”

“வாசல்ல வச்சுட்டுப் போறதுக்கு அது என்ன, பால் பாக்கெட்டா?”

ஜெனிட்டா செருப்பைக் கழற்றினாள்.

*

அந்தக் கூடம் ஒரு காலத்தில் நெல் கிடங்காக இருந்தது. பிறகு ஒரு வாத்தியார் அதில் பரதம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள், பள்ளிக்கூட டீச்சர், பேரன் எடுத்தவள், சீருடையோடு ஓடி வருகிற பிள்ளைகள், எல்லாரும் ஒரே வரிசையில் நின்று ஆடினார்கள்.

ஜெனிட்டா அங்கே வந்தபோது அவளுக்கு ஆறு வயது. அம்மா இல்லை. அப்பா லாரி ஓட்டினார். கான்வென்ட் விட்டதும் கூடத்தில் கொண்டுவந்து விடுவார். எப்போது திரும்பி வருவார் என்று அவருக்கே தெரியாது.

யாரோ தலை வாரிவிட்டார்கள். யாரோ ஊட்டிவிட்டார்கள். முதல் பாவாடை யாரோ போட்டுக் கழித்தது. அவள் முதன்முதலாக மேடை ஏறிய அன்று, கூடத்தில் பாதிப் பேர் கழுத்தில் நகை இல்லை. எல்லாம் அவள் மேல் இருந்தது.

வாத்தியார் காலமானதும் கழி குமுதாவின் கைக்கு வந்தது. குமுதா ஜெனிட்டாவைவிட எட்டு வயது மூத்தவள், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் வகுப்பில் அவளுக்கு நேர் பின்னால் நின்றவள்.

*

“பால் குடிக்குதா?” குமுதா ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“குடிக்குது.”

“தூங்குதா?”

“அது தூங்குது. நான்தான் தூங்கலை.”

“அவரு?”

“போன மாசம் துபாய் போயிட்டாரு.”

“பேரு என்ன வச்சே?”

“வைக்கலை.”

கழி விழுந்தது. எழுந்தது. விழுந்தது.

“அக்கா, எனக்குப் பயமா இருக்கு.”

“எதைப் பார்த்து?”

“என் கையைப் பார்த்து.”

குமுதா திரும்பவில்லை.

“இது அழ ஆரம்பிச்சா நிக்காது. அப்போ என் கை எதாவது செஞ்சுடுமோன்னு இருக்கு. கையைப் பின்னாலே கட்டிக்கிட்டுச் சுவரோரமா நிக்கறேன். அது கத்திக்கிட்டே இருக்கு. பக்கத்துலே போகப் பயம்.”

கழி ஒரு தட்டுத் தவறியது.

வரிசையில் எல்லாருக்கும் அது தெரிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“அதனாலே?”

“அதனாலே இதை இங்கே விட்டுடறேன். என்னை வளர்த்தீங்க இல்லே? இதையும் வளர்த்துடுவீங்க.”

“நீ?”

ஜெனிட்டா குழந்தையின் துணியை இழுத்து மூடினாள்.

“நீ எங்கே போவே?”

“எங்கேயும் இல்லைக்கா. நன்றி சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

*

நன்றி சொல்வது அவளுக்குக் கான்வென்ட்டில் படிந்த பழக்கம். எங்கே போனாலும் புறப்படும்போது நன்றி சொல்ல வேண்டும் என்று சிஸ்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஆறு வயதில் கூடத்தை விட்டுக் கிளம்பும்போது ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிற்பாள். ரிப்பன் கட்டினதுக்குத் தாங்க்யூ. சுண்டலுக்குத் தாங்க்யூ. கூடமே சிரிக்கும்.

“வந்துட்டாடீ நம்ம தாங்க்யூ சிஸ்டர்!” என்று இப்போதும் ஆடிக்கொண்டே கத்தினாள் தைலம்மை. பேரன் எடுத்தவள் அவள்தான். பெருத்த உடம்பு. ஜெனிட்டாவுக்கு அவள் சித்தி முறை. யார் வைத்த முறை என்று யாருக்கும் ஞாபகமில்லை.

இரண்டு பேர் சிரித்தார்கள். ஜெனிட்டா சிரிக்கவில்லை.

“சித்தி, நீங்க போட்ட தோசைக்கெல்லாம்...”

“கல்லுலே ஒட்டிக்கிட்டுப் பிஞ்சு வந்ததைத்தான் உனக்குப் போட்டேன். நல்லதெல்லாம் என் புருஷனுக்கு. அதுக்குப் போய் நன்றியா?”

“விளையாடாதீங்க சித்தி. நான் நிஜமாத்தான் சொல்ல வந்தேன்.”

தைலம்மையின் முகம் மாறியது. கால் மாறவில்லை.

“இப்போ சொன்னா வாங்கிக்க முடியாது” என்றாள் குமுதா.

“ஏன்?”

“வகுப்பு முடியலை. அந்தச் சுவரோரமா உட்காரு.”

*

ஜெனிட்டா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்தச் சுவரோரம் அவள் உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் ஆடுகிறவர்களோடு நின்றவள். அங்கிருந்து பார்க்கும்போது கூடம் வேறு மாதிரி இருந்தது.

வகுப்பு முடிகிற நேரம் வந்தது. எல்லாரும் கும்பிடத் தயாரானார்கள்.

ஆரம்பிக்கும்போது ஒரு கும்பிடு, முடிக்கும்போது ஒரு கும்பிடு. வலது காலைத் தட்டி, இடது காலைத் தட்டி, குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பிறகு எழுந்து கைகூப்ப வேண்டும். இவ்வளவு நேரம் மிதித்ததைத் தரை தாங்கிக்கொண்டதே, அதற்காக.

அந்தக் கூடத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. கும்பிட்டு முடித்தவர் நிமிர்ந்து நிற்கக் கூடாது. முழங்காலை அகட்டி, பாதி உட்கார்ந்த அரைமண்டியில் நிற்க வேண்டும். கடைசி ஆளும் முடித்த பிறகுதான் எல்லாரும் சேர்ந்து நிமிரலாம்.

அன்று கடைசி ஆள் ஒரு சின்னப் பெண். புதுசு. எல்லாருக்கும் முன்னால் நின்றாள். இடது காலைத் தட்டுவதற்கு முன்பே கையைத் தரைக்குக் கொண்டுபோனாள்.

“மறுபடி” என்றாள் குமுதா.

மறுபடியும் கைதான் முந்தியது.

“மறுபடி.”

பெண் நடுவில் நின்று, காலில் கொசு கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டாள்.

ஜெனிட்டா அவளுக்குப் பின்னால் பார்த்தாள்.

வரிசையில் தொடைகள் நடுங்கின. ஜவுளிக்கடைக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தைலம்மையின் முகவாயிலிருந்து வியர்வை சொட்டித் தரையில் விழுந்தது. யாரும் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை. எல்லாரும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“அக்கா, அவங்களை எந்திரிக்கச் சொல்லுங்க.”

“அவ முடிக்கலையே.”

“பின்னாலே இப்படி நிக்கறாங்கன்னு அவளுக்குத் தெரியுமா?”

“உனக்குத் தெரிஞ்சுதா?”

*

ஜெனிட்டாவுக்குத் தெரியாது.

அவளும் எல்லாருக்கும் முன்னால் நின்றவள்தான். அவளுக்குத் தெரிந்தது வேறு ஒன்று.

வந்த புதிதில் ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்னொருத்தி கூட இருப்பாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துவிட்டாள். இருட்டுகிற வரைக்கும் அவள் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நாய் ஒன்று வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

மறுநாளிலிருந்து முடிக்கிற கும்பிட்டை அவள் தப்பாகப் போட்டாள்.

வேண்டுமென்றே போட்டாள். முடித்தால்தானே எல்லாரும் போவார்கள்?

வாத்தியார் “மறுபடி” என்பார். மறுபடியும் தப்பாகப் போடுவாள். தெருமுனையில் அப்பாவின் லாரி சத்தம் கேட்கிற வரைக்கும். கேட்டதும் சரியாகப் போட்டுவிடுவாள்.

எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று அப்போது நினைத்துக்கொள்வாள்.

*

சின்னப் பெண் சரியாக முடித்துக் கைகூப்பினாள்.

யாரும் நிமிரவில்லை.

“அவ முடிச்சுட்டாளே” என்றாள் ஜெனிட்டா.

“இன்னும் ஒருத்தி இருக்கா” என்றாள் தைலம்மை, மூச்சு வாங்கியபடி.

“யாரு?”

ஜெனிட்டா சுற்றிலும் பார்த்தாள். பிறகு குமுதாவைப் பார்த்தாள்.

“நான் வகுப்பிலே இல்லையே அக்கா.”

“செருப்பைக் கழட்டிட்டுத்தானே உள்ளே வந்தே?”

“நான் ஆடவே இல்லையே.”

“நன்றி சொல்லணும்னு வந்தே. இங்கே அதைக் காலாலேயும் கையாலேயும்தான் சொல்ற வழக்கம். சொல்லிட்டுக் கிளம்பு. யாரும் மறிக்கலை.”

“குனிய முடியாதுக்கா. வயித்துலே தையல் இழுக்குது.”

“முடிஞ்ச மட்டும் குனி.”

“கையிலே குழந்தை இருக்கு.”

தைலம்மை நிமிராமலே கையை நீட்டினாள். “கொண்டா.”

ஜெனிட்டா அவசரமாக எழுந்துபோய்க் கொடுத்தாள். “வச்சுக்கறீங்களா சித்தி?”

“பிடிச்சுக்கறேன்.”

“சித்தி...”

“உன் கையிலே வேலை இருக்குன்னு பிடிச்சுக்கறேன். முடிச்சதும் வந்து வாங்கிக்கணும்.”

குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டது. தைலம்மை அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். முட்டி தாங்கவில்லை. பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். அவள் அடுத்தவளிடம் கொடுத்தாள். அழுகை கைக்குக் கை மாறி வரிசையின் கடைசி வரைக்கும் போனது. ஒருத்தியும் காலை நிமிர்த்தவில்லை.

ஜெனிட்டா தன் வெறுங்கையைப் பார்த்தாள்.

*

முன்னால் போய் நின்றாள். அதே பழைய இடம்.

இப்போது முதுகுக்குப் பின்னால் எல்லாம் தெரிந்தது. யாருடைய மூச்சு எது என்றுகூடத் தெரிந்தது.

“சித்தி, கால் வலிக்குதா?”

“முன்னாலே பார்த்து நில்லுடீ. அன்னைக்குக் கேட்காதவளுக்கு இன்னைக்கு என்ன கேள்வி?”

ஜெனிட்டா கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

“அன்னைக்கெல்லாம் நான் வேணும்னேதான் தப்பாப் போட்டேன். அப்பா லாரி வர்ற வரைக்கும்.”

வரிசையின் கடைசியில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“லாரி வர்றது உனக்குக் கேட்கறதுக்கு முன்னாலே எங்களுக்குக் கேட்டுடும்” என்றாள் தைலம்மை. “மேட்டுலே ஏறும்போதே கேட்கும். எங்க காது அத்தனையும் ரோட்டுலேதான் இருந்துச்சு.”

ஜெனிட்டா திரும்பினாள்.

“வாத்தியாருக்கு?”

“அவருக்குத் தெரியாமலா உன்னை ‘மறுபடி, மறுபடி’ன்னாரு?” என்றாள் குமுதா. “நான் உனக்கு நேர் பின்னாலே நின்னவ. உங்கப்பா ஒருநாள் டயர் பஞ்சராகி நின்னுட்டாரு. அன்னைக்கு ராத்திரி என்னாலே வீட்டுப் படி ஏற முடியலை.”

“ஏன் யாரும் என்கிட்டே சொல்லலை?”

“சொல்லியிருந்தா நீ சரியாப் போட்டிருப்பே.”

*

வாசல் திறந்தே இருந்தது. செருப்பு அங்கேயே கிடந்தது.

“அக்கா.”

“ம்.”

“முடிச்சதும் குழந்தையைத் திருப்பிக் கொடுத்துடுவீங்க.”

“ஆமா.”

“எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவீங்க.”

“ஆமா.”

“நான் அதைத் தூக்கிட்டுத் தனியாப் போகணும்.”

குமுதா கட்டையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். கழியை எடுத்தாள்.

முதல் தட்டு விழுந்தது.

ஜெனிட்டா வலது காலைத் தட்டினாள். பின்னால் யாருடைய முழங்காலோ சொடுக்கியது. குழந்தையின் அழுகை கடைசியிலிருந்து ஒரு கை இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது.

இடது காலைத் தூக்க வேண்டும்.

அவள் தூக்கவில்லை. தையல் இழுக்க இழுக்கக் குனிந்தாள். கால் தட்டுவதற்கு முன்பே கையைத் தரையில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

“மறுபடி” என்றாள் குமுதா.