ஓணான் தலையாட்டத் தொடங்கிய கதை

அந்தக் காலத்தில், பறவையும் பல்லியும்கூட வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு புளியந்தோப்புக்கு விருமன் என்ற ஓணான்தான் நாட்டாமை. அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. அடுத்தவர் பொந்துக்குள் கேட்காமல் நுழைந்தவர் பொழுது சாய்வதற்குள் தோப்பை விட்டுப் போய்விட வேண்டும். எறும்புக்கும் அதுதான், யானைக்கும் அதுதான். யானை எந்தப் பொந்தில் நுழையும் என்று கேட்காதீர்கள். சட்டமென்றால் சட்டம்!

ஒருநாள் மாராயி என்ற மைனா அலறிக்கொண்டு வந்தாள்.

"அய்யா, நான் இரை தேடப் போன நேரத்தில் இந்த அணில் செவத்தி என் பொந்துக்குள் புகுந்துவிட்டாள்! இவள் வாலை என் கண்ணால் பார்த்தேன்!"

"நுழைந்தாயா?" என்று செவத்தியைக் கேட்டார் விருமன்.

"நுழைந்தேன் அய்யா, ஆனால்..."

"ஆனாலாவது கீனாலாவது! நுழைந்தாய் அல்லவா? கிளம்பு."

செவத்திக்குக் கண் திறக்காத குட்டிகள் நான்கு. ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வெட்டவெளியைத் தாண்ட வேண்டும். மேலே பருந்து வட்டமிட்டது. என்ன செய்வாள், முதல் குட்டியைக் கவ்விக்கொண்டு இறங்கினாள்.

அவள் போவதைப் பார்க்க விருமன் ஒரு மொட்டைக் கிளைக்கு வந்தார். பருந்து அவர் மேலேயே பாய்ந்தது! விழுந்தடித்துக்கொண்டு கண்ணில் பட்ட பொந்துக்குள் புகுந்தார். அது மாராயியின் பொந்து.

உள்ளே மைனாக்குஞ்சு சுகமாகத் தூங்கியது. அதன் அடியில் மரம் இற்று ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டையில் தேங்காய் நாரை யாரோ இறுக அடைத்திருந்தார்கள். அணில் தன் குட்டிகளுக்கு மெத்தை போடும் நார்! விருமனுக்குச் சுருக்கென்றது.

அதற்குள் மாராயி வாசலில் வந்து நின்றாள். "அய்யா, நீங்களா? நீங்களா நுழைந்தீர்கள்?"

"நுழைந்தேன், ஆனால்..." என்று இழுத்தார்.

மாராயி நல்லவள். "சொல்லுங்கள், அப்புறம்?" என்றாள்.

பருந்து துரத்தியதைச் சொன்னார். நாரையும் காட்டினார். "ஐயையோ, பாவி நான்! நல்லது செய்தவளைத் துரத்திவிட்டேனே!" என்று அவள் அழுதாள்.

விருமன் தலைதெறிக்க ஓடினார். பாதி வழியில் ஆவாரஞ்செடி நிழலில் செவத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தப்பு என்மேல்தான். அந்த 'ஆனால்' என்றாயே, அதற்கப்புறம் என்ன? ஒன்று விடாமல் சொல்லு."

குட்டியை மடியில் கிடத்திக்கொண்டு அவள் சொன்னாள். ஓட்டை வழியாகக் குஞ்சின் கால் தொங்கியதை, அது வீறிட்டதை, தன் குட்டிகளின் மெத்தையைப் பிய்த்து எடுத்து ஓடியதை. அதுவரை விருமனுக்குத் தலையாட்டவே தெரியாது. இப்போது ஒவ்வொரு பேச்சுக்கும் "உம், அப்புறம்?" என்று தலை தானாக ஆடியது.

பொழுது சாயும்போது நான்கு குட்டிகளும் பழைய பொந்தில்தான் உறங்கின. மாராயி வாய் நிறையப் புது நார் கொண்டுவந்து பரப்பினாள். சட்டத்தை யாரும் மாற்றவில்லை. கதையைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வதை மட்டும் விருமன் விட்டுவிட்டார்.

அன்று முதல்தான் ஓணான் யாரைக் கண்டாலும் தலையாட்டுகிறது. நம்மைக் கேலி செய்கிறது என்று நாம்தான் கல்லெடுக்கிறோம், அது பாவம், "உம், அப்புறம்?" என்று நம் கதையைக் கேட்கிறது.