சங்கு ஊதிய ராஜா

முன்னொரு காலத்தில் வேய்ங்காடு என்ற நாட்டை மானவேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், கோபம் மட்டும் மூக்குக்கு மேல் வந்துவிடும். காலையில் ஒருத்தரைத் தண்டிப்பார். மத்தியானம் இலை முன்னால் உட்கார்ந்ததும், "அவசரப்பட்டுட்டோமே" என்று சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார்.

அந்தக் கோபத்தைத் தணிக்கிறேன் என்று சபையில் ஒட்டிக்கொண்டவர் பூரணலிங்கர். பன்னிரண்டு வருஷம் யோகம் பயின்றதாக அவரே சொல்லிக்கொள்வார். "நூறு எண்ணும்வரை மூச்சை அடக்குங்கள் பிரபு" என்பார். ராஜாவும் அடக்குவார். முகம் சிவந்து, தலை சுற்றி, முன்னைவிடக் கோபமாக எழுந்திருப்பார்.

ஒருநாள் ராஜா சபைக்குள் நுழையும்போது சங்கூதி முத்திருளன் ஊதினான். "கீச்" என்று ஒரு சத்தம். வந்திருந்த வெளிநாட்டுத் தூதர்கள் சிரித்துவிட்டார்கள்.

"பொழுது சாய்வதற்குள் இவன் நாட்டை விட்டே போகணும்!" என்று ராஜா கத்தினார்.

முத்திருளன் காலில் விழுந்தான். "மகாராஜா, பொஞ்சாதி நிறைமாசமா இருக்கா. அவளை எப்படி நடத்திக் கூட்டிப் போவேன்?"

"சரியான தண்டனை பிரபு," என்றார் பூரணலிங்கர். அந்தச் சங்கூதி வேலைக்கு அவருடைய மைத்துனன் காத்திருந்தான்.

மந்திரி குழந்தைவேலர் மெல்ல எழுந்தார். "நாடு கடத்தும் ஆணையைச் சங்கு ஊதித்தானே அறிவிக்கணும் பிரபு? தண்டனை பெற்றவன் ஊதக் கூடாது. வேறு யார் ஊதுவது?"

"மூச்சையே ஆளுகிற நான் இருக்கும்போது என்ன கவலை?" பூரணலிங்கர் சங்கை வாங்கினார். மூச்சை அடக்கினார். கன்னம் புடைத்தது, கண் பிதுங்கியது. "புஸ்" என்று காற்றுதான் வந்தது.

"கொடும் இப்படி!" ராஜா பிடுங்கி ஊதினார். எச்சில் தெறித்ததே தவிர சத்தமில்லை.

"நீ எப்படியப்பா ஊதுவாய்?" என்று மந்திரி முத்திருளனைக் கேட்டார்.

"மூச்சை அடக்கவே மாட்டேங்க. நாலு எண்ணுற நேரம் மூக்கால இழுப்பேன், வயிறு நிறையும். எட்டு எண்ணுற நேரம் மெதுவா விடுவேன். மனசு அமைதியானப்புறம்தான் சங்கை வாயில வைப்பேன். இன்னைக்கு அவ நினைப்பு. மூச்சு நிலைக்கலை."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். முத்திருளன் எண்ண எண்ண, இழுத்தார், விட்டார். பத்து முறை, இருபது முறை. தோள் தளர்ந்தது. நெற்றிச் சுருக்கம் போனது. சபையில் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஊதினார். சுமாராகத்தான், ஆனாலும் சங்கு முழங்கியது.

"இப்போது ஆணையைச் சொல்லுங்கள் பிரபு," என்றார் மந்திரி.

ராஜா வாயைத் திறந்தார். கைகட்டி நிற்கிறவனைப் பார்த்தார். நாடு கடத்துவது என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

"முத்திருளா, பல்லக்கில் வீட்டுக்குப் போ. பிள்ளை பிறந்து, தாயும் தேறிய பிறகு வந்தால் போதும். அப்புறம் தினமும் காலையில் எனக்கு இதைச் சொல்லிக்கொடு. பூரணலிங்கரும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும்."

பூரணலிங்கருக்கு முகம் சுண்டிப்போனது. "சங்கு ஊதித்தான் ஆணை சொல்லணும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? மந்திரியைக் கேளுங்கள் பிரபு!"

குழந்தைவேலர் ஓலையையும் எழுத்தாணியையும் கையில் எடுத்தார். "இதோ, எழுதத்தான் போகிறேன். ஊதுகிறவர் ராஜாவாகவே இருக்கணும் என்றும் சேர்க்கட்டுமா பிரபு?"

ராஜா நீளமாக ஒரு மூச்சு விட்டுச் சிரித்தார். "சேர்த்துக்கொள்ளும்."

அவர் இருந்தவரை வேய்ங்காட்டில் ஒருவரும் நாடு கடத்தப்படவில்லை.