பட்டம் சொல்லாத டியூக்

ஜெர்மனி தேசத்தில், ஊசியிலை மரங்கள் அடர்ந்த ஒரு மலைக்காட்டை ஓட்மார் என்ற கலைமான் ஆண்டுவந்தார். ராஜா என்று சொல்லிவிட முடியாது. காடு அவ்வளவு பெரிதில்லை. அந்தப் பக்கத்தில் சிறு நிலத்தை ஆளுகிறவரை டியூக் என்பார்கள். இவர் ஓட்மார் டியூக்.

ஒரு காலத்தில் அது பெரிய காடுதான். ஓட்மாரின் தாத்தா மலையுச்சியிலிருந்து ஆற்றங்கரை வரை ஆண்டவர். ஆனால் அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. அப்பாவுக்கு எத்தனை மகன்களோ, காட்டை அத்தனை கூறு போடவேண்டும். எல்லோருக்கும் டியூக் பட்டம்! தாத்தா ஐந்து கூறு போட்டார். அப்பா நான்கு கூறு போட்டார். கடைசியில் ஓட்மாருக்கு வந்து சேர்ந்தது ஒரு குளம், ஒரு புல்வெளி, ஒரு தோப்பு. அவ்வளவுதான்.

நிலம் சுருங்கச் சுருங்கப் பட்டம் மட்டும் நீண்டுகொண்டே போனது. எங்கே போனாலும் ஓட்மார் முதலில் நின்று, தலையை நிமிர்த்தி, அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

மற்றபடி தங்கமான மனசு. பனிக்காலத்தில் கொம்பால் பனியைக் கிளறி முயல்களுக்குப் புல் எடுத்துக் கொடுப்பார். ஒருமுறை ஓநாய் வந்தபோது, குட்டிகளையெல்லாம் குளத்துக்குள் இறக்கிவிட்டுக் கரையில் தனியாளாக நின்றவர்.

வயதானது. மூன்று மகன்களும் ஆளானார்கள்.

"யாருக்கும் மனசு கோணக்கூடாது, வில்மா" என்றார் மனைவியிடம். "மூணு பேருக்கும் சமமா பிரிச்சுடறேன்."

"குளத்தை ஒருத்தனுக்குக் கொடுத்தா மத்தவங்க என்ன செய்வாங்க?" என்று கேட்டாள் வில்மா.

"வந்து குடிச்சுட்டுப் போகட்டும். எல்லையில நின்னு, முறையா பேரும் பட்டமும் சொன்னாப் போதும். மரியாதையா இருக்கும்!"

காலால் அளந்தார். ஆளுக்கு நூற்றைம்பது காலடி. எமிலுக்குக் குளம், கோன்ராடுக்குப் புல்வெளி, லோதருக்குத் தோப்பு. 'எல்லை தாண்டுகிறவர் யாராயினும் நின்று, பெயரும் பட்டமும் முழுக்கச் சொல்லவேண்டும்' என்ற சட்டத்தை ஒரு மரப்பட்டையில் கொம்பாலேயே கீறிவைத்தார். மகன்கள் மூவரும் அப்பாவின் பேச்சைத் தட்டாதவர்கள். எல்லையில் மரக்கட்டையைப் போட்டுக் காவலும் வைத்தார்கள்.

ஓட்மாரும் வில்மாவும் லோதரின் தோப்பிலேயே தங்கிக்கொண்டார்கள்.

அந்தக் கோடையில் மழை பொய்த்தது. வில்மாவின் காலில் முள் ஏறி வீங்கிவிட்டது. காய்ச்சல் வேறு. நிழலில் படுத்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்டது.

"என்னங்க... ஒரு வாய் தண்ணி..."

குளம் இரண்டு எல்லை தாண்டி இருந்தது. வில்மாவால் அங்கே நடக்க முடியாது. ஓட்மார் ஓடினார். இரண்டு எல்லையிலும் நின்று, மூச்சு வாங்கப் பட்டத்தைச் சொல்லி, குளத்தை அடைந்தார். பஞ்சு போலிருந்த பாசியை ஒரு கொத்துப் பிடுங்கி, தண்ணீரில் முக்கி, வாயில் கவ்விக்கொண்டு திரும்பினார்.

முதல் எல்லையில் அணில் காவல். "யாரது? பேரும் பட்டமும்?"

பழக்கம் விடுமா! ஓட்மார் தலையை நிமிர்த்தினார். "ஓட்மார் நான்! கருங்குன்றின் டியூக், மூன்று ஓடைகளின் தலைவன், வடசரிவின் காவலன்..."

பாசி கீழே விழுந்தது. காய்ந்த மண் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டது.

"அடடா! ரொம்ப அழகா சொன்னீங்க, ஐயா!" என்றது அணில்.

ஓட்மார் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குளத்துக்குத் திரும்பி ஓடி, மறுபடியும் பாசியை முக்கினார். "இப்பத்தானே கேட்டேன், போங்க ஐயா" என்று அணில் விட்டுவிட்டது.

இரண்டாம் எல்லையில் காட்டுப்பன்றி.

"நில்லுங்க! பேரும் பட்டமும்?"

ஓட்மார் வாயைத் திறக்கவில்லை.

"என்னைத் தெரியலையா, பெரியவரே? உங்களை எனக்குத் தெரியும். ஆனா தெரிஞ்சவங்கன்னு விட்டா சட்டம் எதுக்கு? நீங்களே கீறினதுதானே!"

பாசியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. கீழே வைத்தால் மண் குடித்துவிடும். பேசினால் நழுவிவிடும். வாழ்நாளெல்லாம் வாய் ஓயாமல் பட்டம் சொன்ன டியூக், பல்லைக் கடிக்காமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டு, அப்படியே நின்றார். கண்ணில் மட்டும் நீர் முட்டியது.

பன்றிக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. "லோதர் டியூக்! இங்கே வாங்களேன்! உங்க அப்பா பேசமாட்டேங்கிறார்!"

லோதர் பாய்ந்து வந்தான். "என்னப்பா இது? ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்களேன்! உங்களுக்கு மட்டும் சட்டத்தை மாத்தினா அண்ணன்க ரெண்டு பேரும் என்ன நினைப்பாங்க?"

மூன்றாவது சொட்டு லோதரின் குளம்பின் மேல் விழுந்தது. அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து அப்பாவின் வாயைப் பார்த்தான்.

"அம்மாவுக்கா?"

ஓட்மார் மெல்லத் தலையசைத்தார், தண்ணீர் சிந்தாமல்.

லோதர் எல்லைக் கட்டையைக் கொம்பால் தூக்கி எறிந்தான். "வழியை விடுய்யா!" என்று பன்றியை அதட்டினான். அப்பாவுக்கு முன்னால் ஓடி முட்செடியையெல்லாம் ஒதுக்கினான்.

பாசியில் மிஞ்சியிருந்தது நாலே மடக்கு. வில்மா கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாள். பிறகு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்க குடிச்சீங்களா?"

இரண்டு தடவை குளத்தில் வாயை முக்கியவர், ஒரு துளி குடிக்கவில்லை. அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

லோதர் அங்கே நிற்கவில்லை. புல்வெளிக்கு ஓடினான். "கோன்ராட் அண்ணா! அம்மா தாகத்துல கிடக்கறாங்க!" கோன்ராட் எமிலிடம் ஓடினான். கொஞ்ச நேரத்தில் மூன்று டியூக்குகளும் வாய் நிறைய பாசியோடு வரிசையாக வந்தார்கள். அணிலும் பன்றியும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

வில்மா பிழைத்துக்கொண்டாள். எல்லைக் கட்டைகளையெல்லாம் பீவர் என்ற நீர்விலங்குகள் அணை கட்ட இழுத்துப் போயின. சட்டம் கீறிய மரப்பட்டையை ஓட்மாரே உரித்துப் போட்டார். அதன்பின் மூன்று மகன்களும் ஒரே காட்டைச் சேர்ந்தே ஆண்டார்கள். சண்டை வராமல் இல்லை. வாரத்துக்கு ஒன்று வந்தது. ஆனால் யாரும் குளத்தங்கரையில் நின்று பட்டம் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் அளந்து சமமாகப் பிரித்துக் கொடுப்பதல்ல, ஒருவர் தாகம் மற்றவருக்கு எட்டும்படி வழியைத் திறந்து வைப்பதே நல்ல தகப்பனுக்கும் நல்ல அரசனுக்கும் அழகு.