அஞ்சாவது நிமிஷம் கட்டாகும் நெட்

ரிட்டயர்டு தாசில்தார் சிதம்பரநாதன் கேபிள்காரர் இசக்கியிடம் எகிறினார். "பேத்தி வீடியோவுல வந்த அஞ்சாவது நிமிஷம் நெட் கட்டாவுது. இன்னைக்கும் கட்டானா கலெக்டர்கிட்ட சொல்லி ஒம்ம லைசென்ஸைப் பிடுங்கிருவேன்!"

இசக்கி மோடத்தின் பின்னால் பார்த்தார். கேபிளின் திருகுமுனை கழன்றிருந்தது. அதில் தோசைமாவு ஒட்டியிருந்தது.

தாசில்தாரின் மனைவி தெய்வானை இசக்கியின் காதோரம் கிசுகிசுத்தாள்: "வாய்ப்பாடு கேட்டுப் பிள்ளைய அழ வைக்காருப்பா."

இசக்கி முனையை இறுக்கினார். "அய்யா, இது லூசானா வெளிச் சிக்னல் உள்ள புகுந்து லைனைக் கெடுத்துரும். இறுக்கிட்டேன், இனி கழலாது. நீங்க வாய்ப்பாடு கேட்டா மட்டும் கழன்றுரும்."

தாசில்தார் திருகிலிருந்த மாவைப் பார்த்தார். மனைவியின் விரலைப் பார்த்தார்.

மாலையில் பேத்தி வீடியோவில் வந்தாள். "பதிமூணாம் வாய்ப்பாடு..." என்று ஆரம்பித்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பல்லு விழுந்துட்டாமே, காட்டு தாயி."

ஒரு மணி நேரம் ஆகியும் லைன் கட்டாகவில்லை. அடுப்பில் தோசைதான் கருகியது.