பூட்ட இடமில்லாத வீடு

கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை ஓரத்தில் மேசை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தாள் மரகதம். வயது முப்பத்தொன்பது. அவளிடம் தொழில் கற்க வந்திருந்தவர் அருணகிரி. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளைவிட இருபத்தைந்து வயது மூத்தவர்.

ஒரு திங்கட்கிழமை கன்னியப்பன் என்ற இருளர் தன் மகளோடு வந்தார். செங்கல் சூளையில் வேலை செய்பவர். மகள் நதியாவுக்கு நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழ் கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குப் போட்ட மனு தள்ளுபடியாகிவிட்டது.

"புதுசா ஒரு மனு போட்டுடலாமா தாயி?"

"புதுசா போட்டா இந்த உத்தரவு அப்படியே நிக்கும். மேல்முறையீடுதான் செய்யணும். இந்த உத்தரவு வந்த கவர் எங்க?"

நதியா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மரகதம் தபால் முத்திரையைப் பார்த்தாள். யாரிடம், எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்று உத்தரவின் கடைசி வரியில் இருந்தது.

"இன்னும் ஒம்பது நாள் இருக்கு. சார், நீங்க எழுதுங்க."

அருணகிரி நான்கு பக்கம் எழுதினார். உரக்கப் படித்தும் காட்டினார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் நின்று கேட்டார்கள். கன்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு சார்," என்றாள் மரகதம். "எதுக்காகத் தள்ளுபடி பண்ணாங்க?"

"கேக்க நாதியில்லாதவங்கதானேன்னு பண்ணிட்டாங்க."

"அது நீங்க சொல்றது. அவங்க என்ன சொல்லியிருக்காங்க?"

அருணகிரி உத்தரவைத் தேடி எடுத்துப் படித்தார். "மூன்று முறை நேரில் சென்றபோதும் வீடு பூட்டியிருந்தது. மனுதாரர் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை."

"உங்க நாலு பக்கத்துல இதுக்குப் பதில் எந்த வரி?"

அருணகிரி தாள்களைப் புரட்டினார். அப்படியொரு வரி இல்லை.

மரகதம் எழுந்து போய் எதிர்க்கடையில் ஒரு பூட்டு வாங்கி வந்தாள்.

"இவங்களோட போய், இவங்க வீட்டைப் பூட்டிட்டு வாங்க சார்."

முப்பத்துநாலு வருஷம் வாத்தியாராக இருந்தவருக்கு அது சுருக்கென்றது. இருந்தாலும் போனார். பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரையில் இரண்டு கிலோமீட்டர் நடை. திரும்பி வர மாலை நாலாகிவிட்டது. பூட்டை மேசைமேல் வைத்தார்.

"பூட்டலையா?"

"எதைம்மா பூட்டறது? கதவே இல்லை. வாசல்ல பழைய புடவை ஒண்ணு தொங்குது. பக்கத்துல இருக்கற பதினோரு குடிசையும் அப்படித்தான்."

"அதை எழுதுங்க."

இம்முறை அரைப்பக்கம்தான் வந்தது. வாசலின் போட்டோ, பக்கத்துக் குடிசைக்காரர்கள் இருவரின் கையெழுத்திட்ட வாக்குமூலம், உத்தரவின் நகல், கவரின் நகல் எல்லாம் சேர்த்தார்கள். கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போதே மனு போய்ச் சேர்ந்தது. தங்கள் நகலில் சீல் வாங்காமல் மரகதம் அங்கிருந்து நகரவில்லை.

மூன்றாவது வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேலதிகாரி மனுவைப் படித்தார். போட்டோவை இரண்டு முறை பார்த்தார்.

"இதுதான் உங்க வீடாம்மா?"

"ஆமா சார்," என்றாள் நதியா.

வேறொன்றும் கேட்கவில்லை. பழைய உத்தரவை ரத்து செய்து, ஒரு வாரத்துக்குள் மறுபடி நேரில் விசாரிக்கச் சொன்னார். விசாரிக்க வந்தவர் புடவையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போய், பாயில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். கல்லூரியில் சேரக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு சான்றிதழ் வந்தது. நதியா சேர்ந்துவிட்டாள்.

அந்தச் செய்தி வந்த அன்றும் அருணகிரிக்கு மனம் ஆறவில்லை.

"ஒண்ணு கேக்கணும்மா. மூணு தடவை போனதா எழுதினவர் ஒரு தடவைகூடப் போகலை. உக்காந்த இடத்துலயே எழுதியிருக்கார். பச்சைப் பொய். அதை ஏன் நாம எழுதலை?"

மரகதம் அடுத்து வந்தவருடைய தாள்களைக் குண்டூசி குத்திச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதியிருந்தா, அவரைக் காப்பாத்தற வேலை மேல இருக்கறவருக்கு வந்திருக்கும் சார். அந்தப் பொண்ணைப் பாக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது."