கூப்பிட்டால் வருவோம்

கரும்பாறைக் குன்றின் மேல் வற்றாத சுனை ஒன்று இருந்தது. அதைச் சுற்றி ஒரு மிளா மான், ஒரு நரி, ஒரு கீரி, ஒரு கௌதாரி, ஒரு முள்ளம்பன்றி ஆகியவை குடியிருந்தன.

யாரும் அங்கே பிறந்தவர்கள் இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காட்டிலிருந்து தனியாக வந்து சேர்ந்தது. "தண்ணீர் இருக்கிறது, நிழல் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்தே இருந்துவிடலாமே!" என்று மிளாதான் முதலில் சொன்னது. மற்றவையும் சரி என்றன.

சொல்வதற்கு அது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் நரி ஊளையிட்டால் மிளாவின் தூக்கம் கெட்டது. மிளா தண்ணீரில் இறங்கினால் சுனை கலங்கியது. முள்ளம்பன்றி பகலெல்லாம் குறட்டை விட்டது. "எங்கள் காட்டில் இப்படியெல்லாம் செய்ய மாட்டோம்!" என்று ஒவ்வொன்றும் சொல்லிக்கொண்டது. யாருடைய காட்டு வழக்கத்தை யார் கேட்பது?

ஒரு நாள் மிளா எல்லோரையும் பாறைமேல் கூட்டியது.

"நாம் எதற்காகச் சேர்ந்து இருக்கிறோம்? அதை ஒரே வாக்கியத்தில் சொல்லி வைத்துக்கொள்வோம். சண்டை வந்தால் அதை நினைத்துப் பார்க்கலாம். புதிதாக யாராவது வந்தால், இதுதான் எங்கள் இடம் என்று அதைச் சொல்லலாம்."

"நல்ல யோசனை அக்கா!" என்றது நரி. அதற்குப் பேச்சென்றால் உயிர். பாறையின் உச்சியில் ஏறித் தொண்டையைச் செருமிக்கொண்டது. "எல்லாம் எல்லோருக்கும்! எப்படி இருக்கிறது?"

"ஆகா! ஆகா!" என்றது கௌதாரி. கீரி வாலைச் சுழற்றியது. முள்ளம்பன்றிகூட முட்களைச் சலசலவென்று குலுக்கியது. எல்லோரும் சேர்ந்து, "எல்லாம் எல்லோருக்கும்!" என்று கத்தினார்கள். குன்றே எதிரொலித்தது.

மறுநாள் விடிந்ததும் கௌதாரியின் அலறல் கேட்டது.

"ஐயோ, என் முட்டை! திருடன்! திருடன்!"

முட்புதரின் அடியில் இருந்த கூட்டுக்குள் கீரி தலையை நுழைத்திருந்தது. மிளா ஓடிவந்து மூக்கால் அதை நெட்டித் தள்ளியது. நல்லவேளை, முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கீரி திருதிருவென்று விழித்தது. "திருடனா? நேற்று நீயும்தானே கத்தினாய், எல்லாம் எல்லோருக்கும் என்று?"

"நான் முட்டையைச் சொல்லவில்லை!"

"எல்லாம் என்றால் அதில் முட்டை சேராதா?"

கௌதாரிக்கு அழுகை வந்தது.

மறுபடியும் பாறைமேல் கூடினார்கள். "கவலைப்படாதீர்கள்! மாற்றிவிடுவோம்!" என்றது நரி. "அவரவருடையது அவரவருக்கு! இனி எந்தத் தகராறும் வராது." இந்த முறை கௌதாரிதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது.

அன்று மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போன மிளா திகைத்து நின்றது. சுனையின் வாயில் முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கொள், தாகமாக இருக்கிறது."

"முடியாது அக்கா. ஊற்றுக்கண் மண்மூடிக் கிடந்தது. தோண்டித் திறந்தது நான். ஆகவே இது என்னுடையது. அவரவருடையது அவரவருக்கு!"

"அநியாயம்!" என்று கத்திக்கொண்டு மற்றவையும் ஓடிவந்தன. "அப்படியானால் 'சுனை தவிர' என்று சேர்ப்போம்!" என்றது நரி. "'முட்டை தவிர' என்றும் சேருங்கள்!" என்றது கௌதாரி. "ஊளையும் வேண்டாம் என்று சேருங்கள்" என்றது மிளா. "அது எப்படி? குறட்டை மட்டும் இருக்கலாமா?" என்று நரி சீறியது. சேர்க்கச் சேர்க்க வாக்கியம் காட்டுக்கொடி போல நீண்டுகொண்டே போனது. நரி அதை ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்த்தது. கடைசிக்கு வந்தபோது தொடக்கம் மறந்துபோயிருந்தது!

"போதும்!" என்றது கௌதாரி. "குஞ்சுகள் பொரிந்து நடக்க ஆரம்பித்ததும் நான் இங்கிருந்து போகிறேன்."

"எங்கே போவாய்? உன் பழைய காட்டுக்கா?" என்று மிளா கேட்டது.

"அங்கேயா? செத்தாலும் போக மாட்டேன்!"

"ஏன்?"

கௌதாரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது. "அங்கே ஒரு கோடையில் தீப்பிடித்தது. என் குஞ்சுகளுக்கு அப்போது இறக்கை முளைக்கவில்லை. எல்லா மிருகங்களும் எங்கள் புதரைத் தாண்டித்தான் ஓடின. ஒரு குஞ்சையாவது வாயில் கவ்விக்கொண்டு போங்கள் என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். தினமும் பார்த்துப் பழகியவர்கள்தான். யாரும் நிற்கவில்லை."

சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் கௌதாரியைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள்.

நரி தன் பின்னங்காலை நீட்டிக் காட்டியது. அதில் மயிர் முளைக்காத ஒரு தழும்பு சுற்றிக்கொண்டு போயிற்று. "கண்ணியில் மாட்டியது. என் கூட்டத்தைக் கூப்பிட்டேன். வந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். நானே கடித்து அறுத்துக்கொண்டு வந்தேன்."

"நான் ஒரு பாழுங்கிணற்றில் விழுந்தேன்" என்றது கீரி. "கூப்பிடக் கூப்பிட மேலே ஆடுகள் மேயும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதுதான் பெரிய கஷ்டம்."

மிளாவின் கண்கள் நிறைந்திருந்தன. "என் கன்று ஏரிச் சேற்றில் மாட்டியது. நானும் கூப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னது.

கீரி மெல்லக் கௌதாரியின் பக்கம் திரும்பியது. "அந்தத் தீயின்போது நான் அங்கே இருந்திருந்தால் வந்திருப்பேன் அக்கா."

"இன்று காலையில்கூடத்தான் கூப்பிட்டேன். உனக்குப் பயந்துதான் கூப்பிட்டேன்."

கீரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

மிளா ஏதோ யோசித்தது. பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்தது. "கூப்பிட்டால்... வருவோம்."

"அவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் அலங்காரமாக..." என்று தொடங்கிய நரி, பாதியில் நிறுத்திக்கொண்டது. "வேண்டாம். கண்ணியில் கிடந்தபோது நான் அலங்காரமா கேட்டேன்?"

இந்த முறை யாரும் கத்தவில்லை. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

"நல்ல தூக்கத்தில் கூப்பிட்டாலும் வருவாயா நரியண்ணே?" என்று கீரி கேட்டது.

"முணுமுணுப்பேன். ஆனால் வருவேன்."

"கௌதாரி, கீரி கூப்பிட்டால் நீ வருவாயா?" என்று மிளா கேட்டது.

கௌதாரி கீரியை ஏற இறங்கப் பார்த்தது. "எனக்கு அவனைப் பிடிக்காது. இருந்தாலும் வருவேன்."

கீரி நிமிர்ந்து பார்த்தது. "அப்படியானால் முட்டைக்கென்று தனியாக ஒரு வாக்கியம் வேண்டாம். நீ கூப்பிட்டால் ஓடிவர வேண்டியவன் நான். உன்னைக் கூப்பிட வைப்பவனும் நானாகவே இருந்தால் எப்படி?"

முள்ளம்பன்றி மட்டும் ஒதுங்கி நின்றது. "இதில் என்னைச் சேர்க்காதீர்கள். நான் யாரையும் கூப்பிட்டதில்லை. உடம்பு முழுக்க ஈட்டி வைத்திருப்பவனுக்கு யாருடைய உதவி வேண்டும்? சுனையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்!" அது குன்றின் மறுபக்கச் சரிவில் இறங்கிப் போய்விட்டது.

சில நாட்கள் கழிந்தன. ஒரு சாயங்காலம் வானம் கறுத்து மழை கொட்டியது. மறுபக்கச் சரிவில் மண் சரியும் சத்தம் கடகடவென்று கேட்டது. அதன் பிறகு, மழைக்கு நடுவே, ஒரு குரல்.

"யாராவது... யாராவது வாருங்கள்!"

"முள்ளம்பன்றிதான்!" என்றது நரி. "ஆனால் அவன்தான் நம் வாக்கில் சேரவில்லையே! நாம் ஏன் போக வேண்டும்?"

"நம்மில் ஒருவர் கூப்பிட்டால் என்றா சொன்னோம்?" என்று கீரி கேட்டது. "கூப்பிட்டால் என்றுதானே சொன்னோம்!"

நரி துள்ளி எழுந்தது. "அதுவும் சரிதான். வாருங்கள்!"

அதற்குள் குரல் நின்றுவிட்டது. மழைச் சத்தம் மட்டுமே கேட்டது. அந்தச் சரிவு முழுக்கப் புதரும் பாறையும்தான். எங்கே என்று தேடுவது?

"அவனுடைய வளை எனக்குத் தெரியும்" என்றது கௌதாரி. "நேற்று இரை பொறுக்கப் போனபோது பார்த்தேன். வழி சொன்னால் புரியாது. நானே வர வேண்டும்." சொல்லிவிட்டுத் தன் முட்டைகளைப் பார்த்தது. இறக்கையை எடுத்தால் அவை நனைந்துவிடும். நனைந்து குளிர்ந்தால் குஞ்சு பொரியாது.

பாறையைத் தள்ள மிளா வேண்டும். மண்ணைத் தோண்ட நரி வேண்டும். முட்டைகளைக் காக்க மிச்சம் இருந்தது கீரி.

கீரியும் அதைப் புரிந்துகொண்டது. அதன் முகத்தில் பயம் தெரிந்தது. "அக்கா, என்னால் முடியும் என்று நினைக்கிறேன். ஆனால் சீக்கிரம் வந்துவிடு. என்னை ரொம்ப நேரம் சோதிக்காதே!"

முடியும் என்று அது பெருமையடித்திருந்தால் கௌதாரி நம்பியிருக்காது. கூட்டைவிட்டு எழுந்தது. "வயிற்றோடு அணைத்துக்கொள். புரட்டாதே" என்று சொல்லிவிட்டு மழைக்குள் ஓடியது. வழியில் ஒருமுறை நின்று திரும்பிக்கூடப் பார்த்தது. பிறகு இன்னும் வேகமாக ஓடியது.

வளை இருந்த இடத்தில் மண்மேடுதான் இருந்தது. மேலே ஒரு பெரிய பாறை உருண்டு கிடந்தது. மிளா தோளைக் கொடுத்துத் தள்ளியது. கால்கள் சேற்றில் வழுக்கின. அதற்குத் தன் கன்றின் நினைவு வந்திருக்க வேண்டும். "நகரு! நகரு!" என்று கதறிக்கொண்டே தள்ளியது. பாறை அசைந்து சரிவில் உருண்டது.

நரி தோண்டியது. மண்ணுக்குள் இருந்த முட்கள் முகத்தில் குத்தின. "ஆ! இவனைக் காப்பாற்றுவதும் சும்மா இல்லை!" என்று முணுமுணுத்துக்கொண்டே தோண்டியது. கடைசியில் முள்ளம்பன்றியின் மூக்கு வெளியே தெரிந்தது. அது இருமியது, தும்மியது, மூச்சை இழுத்துவிட்டது.

உயிரோடு இருக்கிறது என்று பார்த்ததும் கௌதாரி ஒரு நொடிகூட நிற்கவில்லை. வந்த வழியே பறந்தது.

புதரடியில் கீரி முட்டைகளைச் சுற்றி வளைந்து படுத்திருந்தது. முதுகெல்லாம் தொப்பலாக நனைந்து உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. வாய் நிறையப் புல்லை அடைத்துக்கொண்டு, பற்களை இறுகக் கடித்து, கண்களை மூடியிருந்தது. அதன் வயிற்றுக்கடியில் முட்டைகள் எல்லாம் கதகதப்பாக இருந்தன.

கீரி புல்லைத் துப்பியது. "வந்துவிட்டாயா? அப்பாடா!"

"நீ நடுங்குகிறாயே. பாறைக்கு அடியில் போய்ப் படு தம்பி" என்றது கௌதாரி. அதைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மழை விட்டபோது மிளாவும் நரியும் முள்ளம்பன்றியை நடத்திக் கூட்டிவந்தன. அது யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான்தான் உங்களோடு சேர மாட்டேன் என்று சொல்லிவிட்டேனே. பிறகு ஏன் வந்தீர்கள்?"

"நீ கூப்பிட்டாய்" என்றது நரி.

முள்ளம்பன்றி சுனையருகே போனது. மழையில் அடித்துவந்த மண் ஊற்றுக்கண்ணை மூடியிருந்தது. அது தோண்டத் தொடங்கியது. தண்ணீர் மறுபடி தெளிந்து வந்ததும் நகர்ந்து நின்று, "குடியுங்கள்" என்றது.

அதற்குப் பிறகும் நரி ஊளையிட்டது. மிளா சுனையைக் கலக்கியது. முள்ளம்பன்றியின் குறட்டையும் குறையவில்லை. சண்டைகளும் வந்தன. ஆனால் யாரும் இடத்தைவிட்டுப் போகிறேன் என்று சொல்லவில்லை.

அடுத்த கோடையில் ஒரு வயதான ஆமை குன்றின்மேல் ஏறி வந்தது. அதன் குளம் வற்றிவிட்டதாம். முதலில் அதைப் பார்த்தது முள்ளம்பன்றிதான்.

"இங்கே எனக்கு இடம் கிடைக்குமா?" என்று ஆமை கேட்டது. "என்னென்ன விதிகள் வைத்திருக்கிறீர்கள்?"

"ஒன்றே ஒன்றுதான் கேட்போம். யாராவது கூப்பிட்டால் வருவாயா?"

ஆமை தயங்கியது. "வருவேன். ஆனால் நான் ரொம்ப மெதுவாகத்தான் வருவேன்."

"புறப்பட்டால் போதும்" என்றது முள்ளம்பன்றி. நகர்ந்து வழிவிட்டது.

சேர்ந்து வாழ விரும்புகிறவர்கள், கேட்க இனிமையான பல வாக்கியங்களைத் தேடி அலையாமல், எல்லோராலும் காப்பாற்ற முடிந்த ஒரே ஒரு வாக்கைக் கொடுத்து அதைக் காப்பாற்றினால் போதும்.